சித்தப்பாவின் நாற்பது கடைகள்

அட்டவணை அகலமாக இருந்தால் தாளைக் குறுக்கே திருப்பி அச்சடிப்பார்கள். அந்தத் தாளைப் புத்தகமாகத் தைக்கும்போது அட்டவணையின் தலைப்பக்கம் தையல் ஓரமாக வரவேண்டும். மாறி வந்துவிட்டால் படிக்கிறவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்க நேரும். கல்லூரி வாசலை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்காவுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அவர் ஐந்தாவது வரைதான் படித்தவர். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். ஆங்கிலத்தில் வெறும் எண்களும் கோடுகளுமாக ஒரு தாள் வந்தால், எது தலை, எது கால் என்று சில நேரம் பிடிபடாது.

ஒருநாள் நிதிப் படிப்புப் பெண் ஒருத்தியின் ரிப்போர்ட்டில் பதினொரு தாள்களைத் தலைமாற்றிச் சேர்த்துத் தைத்துவிட்டார். அவள் பத்துப் பேர் முன்னால், மேல் எது கீழ் எது என்றுகூடத் தெரியாமல் எதற்குக் கடை வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். அக்கா தையலைப் பிரித்தார், மறுபடி தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மூலையில் சாப்பாட்டுப் பையோடு தன் முறைக்காக நின்றிருந்த வழுக்கைத் தலைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து நிதிப் படிப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த தாள்களில் எல்லாம், மேல் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது. இது என்ன புதுப் பழக்கம் என்று அக்கா விசாரித்தார். அம்பு போட்டால்தான் மெஷினில் தாள் சிக்காதாம், சித்தப்பா சொன்னார் என்றார்கள். இந்த இடத்துக்கு வருமுன் இருந்த கடையையும் சேர்த்து ஒன்பது வருடமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர் அக்கா. அதற்குப் பென்சில் அம்பு கண்ணில் படாது என்று அவருக்குத் தெரியாதா? யாருக்காகப் போட்ட அம்பு என்று புரிந்தது. கண் கலங்கியது. தைத்து முடித்ததும் ஒவ்வொரு அம்பையும் ரப்பரால் அழித்துவிட்டுக் கொடுத்தார். அதைப் பற்றி அவரும் கேட்டதில்லை, சித்தப்பாவும் சொன்னதில்லை.

சித்தப்பா என்பது அந்த வழுக்கைத் தலைக்காரருக்கு வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். நாற்பத்தாறு வயதில் நிதித்துறை முதுகலைக்கு மாலை வகுப்பில் சேர்ந்தவர் அவர். முதல்நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும், புதுப் பேராசிரியர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவருக்கோ கூச்சம். என்ன செய்வது என்று தெரியாமல் "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. உங்கள் காலத்தில் வட்டி எல்லாம் இருந்ததா சித்தப்பா என்று கேட்டுச் சிரிப்பார்கள். வட்டி அப்போது கைக்குழந்தை, நான்தான் இடுப்பில் தூக்கி வைத்திருந்தேன் என்பார் அவர்.

லாரி புக்கிங் ஆபீசில் பத்தொன்பது வருடமாக அவர் பில் கிளார்க். அங்கே கணக்குப் பிரிவைக் கட்டி ஆண்டுகொண்டிருந்த பெரியவர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுவதாக இருந்தது. முதுகலை முடித்துச் சான்றிதழோடு வா, அந்த நாற்காலி உனக்குத்தான் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். சித்தப்பாவுக்கு நாற்காலி ஆசை இருந்ததோ இல்லையோ, மகள் பத்தாவது முடிக்கப்போகிறாள், வாடகை வீடு, மழை வந்தால் சமையலறையில் இரண்டு பாத்திரம் வைக்கவேண்டும். அதனால் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் நின்றபடியே படித்தார். கம்ப்யூட்டரில் கட்டம் போடப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள். பதிலுக்கு அவர் உண்மையான பில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, இதைத்தான் நம் புத்தகத்தில் முப்பது பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்பார்.

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்த அவர் மனைவி, வீட்டுக்குப் போகிற வழியில் நோட்ஸ் வாங்க எப்போதாவது கடைக்கு வருவார். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். மகளுக்கும் பரீட்சை, மகளின் அப்பாவுக்கும் பரீட்சை, டி.வி. ரிமோட்டை நான் யாரிடமிருந்து ஒளித்து வைப்பது என்று அக்காவிடம் கேட்பார்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஓர் ஆய்வு எழுதிக் கொடுக்கவேண்டும். சித்தப்பா சின்னக் கடைகளின் கடனை எடுத்துக்கொண்டார். சின்னக் கடைக்காரர்களுக்குப் பேங்கில் சுலபத்தில் கடன் கிடைப்பதில்லை. தண்டல்காரர்தான் கதி. அவர் வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார், பிறகு தினமும் சாயங்காலம் வந்து ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போவார். தண்டல் கடையை அழிக்கிறதா, வாழவைக்கிறதா என்பதுதான் கேள்வி. கல்லூரியைச் சுற்றியிருந்த மூன்று தெருக்களில் ஏறி இறங்கி, நாற்பது கடைகளில் உட்கார்ந்து விவரம் எழுதினார். அதில் இருபத்தாறு கடைகள் தண்டலில் ஓடுபவை. அவை மற்றக் கடைகளைவிட வேகமாகச் சரக்கைத் தள்ளுகின்றன, நன்றாகவே நடக்கின்றன என்று கணக்குச் சொல்லியது. தண்டல் கெட்டது என்று எல்லோரும் சொல்கிறார்களே, இது புதுசாக இருக்கிறதே என்று அவருக்கு வழிகாட்டியாக இருந்த மேடத்துக்கு ஒரே சந்தோஷம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நான்கு பிரதிகள் கல்லூரி ஆபீசில் கொடுக்கவேண்டும். தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு. முதலாளியோ மாதக் கடைசிக்குமேல் நாற்காலியைக் காலியாக வைக்கமாட்டார்.

திங்கட்கிழமை மதியம் அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சித்தப்பா தாள்களோடு வந்தார். அக்கா வழக்கம்போலத் தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆண்டவனை நினைத்து வேலையைத் தொடங்கினார். இரண்டு பிரதிகளைத் தைத்து, ரெக்சின் அட்டை ஒட்டி, அழுத்துவதற்கு பிரஸ்ஸில் வைத்தாயிற்று. மூன்றாவதற்குப் பசை தடவும்போது, கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். நாற்பது கடைகளின் பெயர் என்றார் சித்தப்பா. படியுங்கள் கேட்போம் என்றார் அக்கா. பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள்தானே. சித்தப்பாவும் படித்துக்கொண்டே வந்தார்.

"இருபத்திரண்டாவது நம்பர் யாரு தெரியுமா? நீங்கதான்கா."

புத்தகத்தில் தன் கடையா என்று அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்தக் குஷியில் கேட்டார்:

"எனக்கு முன்னாடி இந்த எடத்துல குடைக்கடை வெச்சிருந்தாரே, அவரு எத்தனாவது நம்பர் தம்பி?"

"அவரு கடைதான் இப்போ இல்லியேக்கா. தெறந்திருக்கிற கடைதான் கணக்கு."

"ஓ, அப்படியா. அவரு தண்டல் வாங்கித்தானே கடைய மூடினாரு. அதான் கேட்டேன்."

அக்கா பாட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால், சித்தப்பா பட்டியலைக் கையில் பிடித்தபடி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது அப்படி மூடினார்களா என்று மெதுவாகக் கேட்டார். அக்கா ஊர்க்கதை சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆஸ்பத்திரித் தெருவில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்த அம்மா, ரயிலடியில் கட்பீஸ் துணி விற்ற அண்ணன் தம்பி, செல்போன் கவர் கடை, பழச்சாறு கடை. ஒரு கை விரல் முடிந்து, மறு கைக்குப் போய், அதுவும் முடிந்துவிட்டது.

"அக்கா, பிரஸ்ல இருக்கிற ரெண்டையும் வெளிய எடுத்துடுங்க."

"இன்னும் காயல தம்பி."

"காய வேணாம்."

அவர் அப்புறம் அக்காவுக்குப் புரியும்படி சொன்னார். நான் திறந்திருக்கிற கடைக்குள் போய், தண்டலால் உங்களுக்குக் கெடுதலா என்று கேட்டிருக்கிறேன். தண்டலால் கெட்டவர் எவரும் அந்தக் கடைக்குள் இருக்கமாட்டாரே. உயிரோடு இருப்பவர்களை மட்டும் விசாரித்துவிட்டு, இந்த வியாதியில் யாரும் சாவதில்லை என்று எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் பாடம் படித்திருக்கிறேன், இப்படி ஒரு தப்பு உண்டு என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அது சிரிப்பாகவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மேடத்திடம் போனார். மேடம் நல்லவர்தான். எல்லா ஆய்விலும் ஒரு குறை இருக்கும், அதை நாமே எழுதிவிட்டால் அது குறை இல்லை, வரம்பு என்று சமாதானம் சொன்னார். மூடப்பட்ட கடைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். சித்தப்பா அந்த வரியை ஒரு தாளில் டைப் அடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. கடவுளே, என் வாய் பண்ணின கோளாறு இதோடு போயிற்று என்று பசை டப்பாவைத் திறந்தார். சித்தப்பா தாளைக் கொடுக்காமல், அந்தக் குடைக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சும்மா ஒரு வார்த்தை பேசத்தான் என்றார்.

மறுநாள் மதியம் அக்கா ஷட்டரை இறக்கிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கிற வாரம். ஒருமணி நேரம் மூடினாலும் நஷ்டம்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

குடைக்காரர் ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில் வாட்ச்மேனாக இருந்தார். சட்டை அவரைவிட இரண்டு அளவு பெரிது. வருகிற வண்டிகளின் எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே பேசினார். அந்த வருடம் மழை பொய்த்தது, குடை அப்படியே அடுக்கில் நின்றது, தண்டல்காரர் மட்டும் தினம் வந்தார். அதைக் கட்ட இன்னொன்று, இன்னொன்றைக் கட்ட மூன்றாவது. கடைசியில் குடைகளைக் கட்டுக் கட்டாக எடைக்குப் போடுகிற மாதிரி கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். யார் மேலும் கோபம் இல்லை. தண்டல்காரரும் பிள்ளைகுட்டிக்காரர்தான் என்றார். சித்தப்பா தயங்கித் தயங்கி, தான் நாற்பது கடைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியிருப்பதையும், மூடிய கடைகளைச் சேர்க்காததையும் சொன்னார்.

குடைக்காரர் எழுதுவதை நிறுத்தினார்.

"அதுவும் சரிதான் சார். கடையே இல்லாதவன எந்தக் கணக்குல சேக்கறது."

இருவரும் கடைக்குத் திரும்பினார்கள். மேடம் சொன்ன அந்த ஒருவரித் தாள் சித்தப்பாவின் சட்டைப்பையில் நாலாக மடித்துக் கிடந்தது. கடை வாசலில் நின்று அதை எடுத்துப் பார்த்தார். பிறகு, வேண்டாத தாள் போடுகிற பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவர் மனைவி வந்தார். வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்துவிட்டது. "அக்கா, அப்படி என்னதான் சொன்னீங்க அவருகிட்ட?" என்றுதான் ஆரம்பித்தார். அக்கா மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். தெரியாமல் கேட்டுவிட்டேன் தாயி, என்னை மன்னித்துக்கொள் என்றார். அந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உங்களைச் சொல்லி என்ன, குழம்பில் உப்பு இல்லை என்றால்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துபோகிற மனுஷர், இதில் மட்டும் பிடித்த பிடி விடமாட்டேன் என்கிறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது சித்தப்பாவே வந்துவிட்டார். வெயிலில் அலைந்த முகம். அன்றைக்கு மட்டும் பழைய கடைக்காரர்கள் மூன்று பேரைத் தேடிப் பிடித்திருந்தார்.

"நாளைக்குக் குடுக்கப் போறீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"குடுத்தா, அதப் படிக்கிறவங்க தண்டலால ஒண்ணும் ஆகாதுன்னு நெனப்பாங்களே."

"யாரு படிக்கப் போறாங்க? அலமாரியில கெடக்கப் போவுது."

"நான் படிச்சிருக்கேனே."

அந்தம்மா எழுந்து, புடவைத் தலைப்பால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, மதியம் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றார். வாங்க வீட்டுக்கு என்று கூட்டிக்கொண்டு போனார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததாக அக்கா கேள்விப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி வந்தது, போனது. பிள்ளைகள் தங்க எழுத்து போட்ட புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு படி ஏறினார்கள். ஒருத்தியின் அட்டையில் பசை ஒழுகியிருந்ததைச் சித்தப்பாதான் ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். உங்களது எங்கே சித்தப்பா என்று கேட்டவர்களிடம், நான் ஆறு மாதம் பிந்திப் பிறந்தவன் என்று சொல்லிச் சமாளித்தார்.

மாதக் கடைசியில் அந்த நாற்காலியில் இருபத்தேழு வயதுப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் எந்த லாரிக்காரர் எப்படி என்று தெரியாது. அதையெல்லாம் சித்தப்பாதான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாராம். இந்தச் செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து அக்காவுக்கு நிம்மதி போயிற்று. காலையில் மெஷினைப் போடுமுன் வேண்டிக்கொள்கிறபோது, ஆண்டவனே, என் நாக்கை மன்னித்துவிடு, அந்தத் தம்பிக்கு ஒரு வழி காட்டு என்று ஒரு வேண்டுதல் கூடச் சேர்ந்துகொண்டது. ஒருநாள்கூட விடவில்லை.

அதற்கு முந்தின மூன்று வருடத்தில் அந்த மூன்று தெருக்களில் பதினாலு கடைகள் மூடியிருந்தன. பதினோரு பேரைச் சித்தப்பா கண்டுபிடித்தார். ஒருவர் காலமாகிவிட்டார், இருவர் போன இடம் தெரியவில்லை. பேன்சி ஸ்டோர் அம்மா ஆண்களிடம் இதைப் பேசக் கூச்சப்பட்டார். அதனால் சித்தப்பாவின் மனைவியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அவரோடு சேர்ந்து துணி மடித்துக்கொடுத்துக்கொண்டே விவரம் கேட்டு எழுதிவந்தார். கண்டுபிடித்த பதினோரு பேரில் ஒன்பது பேர் தண்டலில் மூழ்கியவர்கள். அவர்களைச் சேர்த்ததும் கணக்கு அப்படியே குப்புற விழுந்தது. முதல் தண்டலைக் கட்டி முடிப்பவர் பிழைக்கிறார், அதைக் கட்ட இரண்டாவது வாங்குபவர் பெரும்பாலும் பிழைப்பதில்லை என்று வந்தது. மேடம் புதுப் பிரதியை இரண்டு முறை படித்துவிட்டு, நானும் இதைக் கவனிக்கவில்லையே என்று அவரிடமே சொன்னார். மேடத்துக்கும் அது பெரிய மனசுதான்.

இந்த முறை அக்கா நான்கு பிரதிகளையும் தானே தைத்தார், பசை காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நேர்முகத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் முக்கால்மணி நேரம் கேள்வி கேட்டாராம். முதல் வகுப்பில் தேர்ச்சி. ஆபீசில் முதலாளி கைகுலுக்கினார். நாற்காலியில்தான் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே. சித்தப்பா தன் பழைய மேசைக்கே போய் பில் போட்டார்.

ஒரு வருடத்துக்குமேல் அப்படியே போயிற்று. பிறகு வேறோர் ஊரில் சின்னக் கடைக்காரர்கள் சேர்ந்து, தங்களுக்குள் குறைந்த வட்டியில் கடன் கொடுத்துக்கொள்ள ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். யாருக்கு, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்ல ஆள் தேடியபோது, அந்தப் பரிசோதகர் சித்தப்பாவின் பெயரைச் சொன்னாராம். சம்பளம் பில் கிளார்க்குக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த நாற்காலிச் சம்பளத்தில் பாதிகூட இராது. குடும்பத்தோடு போவது என்று முடிவு செய்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், சான்றிதழ்களைப் பிரதி எடுக்கக் கடைக்கு வந்தார். அக்கா காசு வேண்டாம் என்றார். அவர் கேட்காமல் சில்லறையை மேசைமேல் வைத்தார். தாள்களை உறையில் போட்டுக் கொடுக்கும்போது அக்காவால் அடக்க முடியவில்லை. இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். என் ஒரு வார்த்தையால் உங்கள் நாற்காலி போயிற்று தம்பி, அன்றிலிருந்து தினம் காலையில் கடவுளிடம் உங்களுக்காக மன்னிப்புக் கேட்கிறேன், வேண்டிக்கொள்கிறேன் என்றார்.

சித்தப்பா உறையைப் பையில் வைத்தார். வாசலில் இறங்கி நின்று, குனிந்து உள்ளே பார்த்தார்.

"எனக்காக வேண்டினது போதும்க்கா. நான் நல்லாத்தான் இருக்கேன். அந்தக் குடைக்காரரு இன்னும் தண்டல் கட்டிக்கிட்டுதான் இருக்காரு. இனிமே அவருக்காக வேண்டிக்குங்க."